இதயம் கொழுப்பில்தான் ஓடுகிறது என்றால் எண்ணெயை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி தண்டையார்பேட்டையிலிருந்து. அப்பாவுக்கு 58 வயது, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பன்னிரண்டு வருஷமாகச் சுகர். எக்கோவில் பம்பிங், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு, 38 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் பேச்சுவாக்கில் "இதயம் பெரும்பாலும் கொழுப்பைத்தான் எரிக்கிறது" என்றாராம். அடுத்த நிமிஷமே எண்ணெயைக் குறைக்கச் சொல்லி, தைராய்டு டெஸ்டும் எழுதி, சுகர் கட்டுக்குள் இருக்கும்போதே டாபாக்லிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையையும் சேர்த்திருக்கிறார். ட்ரைமெட்டசிடின் என்று இன்னொரு மாத்திரையும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

முரண் எதுவும் இல்லை. "கொழுப்பு" என்ற ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் கலந்துவிடுகின்றன. இதயத் தசை எரிப்பது கொழுப்பு அமிலம். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பது எல்டிஎல் என்ற துகள் சுமந்து வரும் கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ராலை உடம்பால் எரித்துச் சக்தியாக்கவே முடியாது, அதனால் அது இதயத்துக்கு எரிபொருள் ஆகாது. மூன்றாவது வாணலியில் ஊற்றும் எண்ணெய். அதை அதிகம் சாப்பிட்டால் இதயத்துக்குச் சக்தி கூடிவிடாது. காலையில் எதுவும் சாப்பிடாதவரின் இதயமும் கொழுப்பில்தான் ஓடும், உடம்பில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு. எவ்வளவு கொழுப்பு வருகிறது, எவ்வளவு உள்ளே போகிறது, எப்போது சர்க்கரைக்கு மாறுகிறது என்பதையெல்லாம் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. உங்கள் அப்பாவுக்குப் பழுதாகியிருப்பது இந்த மாற்றும் திறன்.

இதயம் சுமார் 300 கிராம் எடை. நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. துடிக்கத் தேவையான ஏடிபி என்ற சக்தி மூலக்கூறை ஒரு நாளில் சுமார் 6 கிலோ அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்து செலவழிக்கிறது. கையிருப்பு மிகவும் சொற்பம். உற்பத்தி நின்றால் பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். இந்த ஏடிபியில் 95 சதவீதத்துக்கு மேல் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்தி உலைகளில் ஆக்ஸிஜனை வைத்துத் தயாராகிறது. இதயத் தசை செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. எரிபொருள் என்று பார்த்தால் பாதியிலிருந்து முக்கால் பங்குவரை கொழுப்பு அமிலம், மிச்சம் சர்க்கரை, தசை வேலை செய்யும்போது வரும் லாக்டேட், கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்து அனுப்பும் கீட்டோன், கொஞ்சம் அமினோ அமிலம். இதயத்தைவிட்டு வெளியேறும் ரத்தத்தை மெல்லிய குழாய் வழியாக எடுத்து, உள்ளே போகும் ரத்தத்தோடு ஒப்பிட்டு, மனித இதயம் எதை எரிக்கிறது என்று முதலில் அளந்து காட்டியவர்கள் ரிச்சர்ட் பிங் குழுவினர், 1940களின் கடைசியிலும் 1950களிலும்.

கொழுப்பு அமிலம் இரண்டு வழிகளில் வந்து சேருகிறது. வயிற்றிலும் தோலுக்கடியிலும் இருக்கும் கொழுப்புத் திசுவிலிருந்து பிரிந்து, ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வருவது ஒன்று. கல்லீரலும் குடலும் அனுப்பும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை இதயத்தின் நுண்குழாய்களில் உட்கார்ந்திருக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற என்சைம் உடைப்பதால் கிடைப்பது இன்னொன்று. செல்லுக்குள் நுழைய சிடி36 என்ற புரதம் உதவுகிறது. உள்ளே வந்ததும் எரிந்துவிடாது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் சிபிடி-1 என்ற என்சைம் இருக்கிறது. அது கொழுப்பு அமிலத்தைக் கார்னிட்டின் என்ற சின்ன மூலக்கூறோடு கோத்துக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: வண்டி எத்தனை வந்து நின்றாலும் கேட் திறந்தால்தான் அந்தப் பக்கம். கேட்டை மூடி வைக்கும் ஆள் மலோனில் கோஏ என்ற சின்ன மூலக்கூறு. அது செல்லுக்குள் கூடினால் சிபிடி-1 அடைபடும், குறைந்தால் திறக்கும்.

ஹார்மோன்கள் கை வைக்கும் முதல் இடம் இதுதான். சாப்பிட்ட பிறகு இன்சுலின் ஏறும்போது ஏசிசி என்ற என்சைம் முடுக்கப்பட்டு மலோனில் கோஏ கூடுகிறது, கொழுப்பு எரிவது குறைகிறது. அதே நேரம் ஜிஎல்யூடி4 என்ற சர்க்கரை வாயில்கள் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. வேலை கடுமையாகி ஏடிபி குறையும்போது ஏஎம்பி கைனேஸ் என்ற என்சைம் விழித்துக்கொள்கிறது. அது ஏசிசியை அணைத்து, மலோனில் கோஏவைக் குறைத்து, கேட்டைத் திறக்கிறது. ஜிஎல்யூடி4 வாயில்களையும் இன்சுலின் துணையில்லாமலே மேலே கொண்டுவருகிறது. கால், தொடைத் தசைகளிலும் இதே ஏற்பாடு உண்டு. சுகர்காரர்களைச் சாப்பிட்ட பிறகு நடக்கச் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. இன்சுலினுக்குக் கட்டுப்படாத தசையும் வேலை செய்தால் சர்க்கரையை இழுக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பூட்டு இருக்கிறது. கொழுப்பு நிறைய எரியும்போது பெருகும் அசெட்டில் கோஏ, என்ஏடிஎச் என்ற இரண்டு மூலக்கூறுகளும், சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவில் எரியத் தேவையான பிடிஎச் என்ற என்சைமை அணைத்துவிடுகின்றன. 1963இல் பிலிப் ராண்டிலும் அவர் கூட்டாளிகளும் விவரித்ததால் இதற்கு ராண்டில் சுழற்சி என்று பெயர். கொழுப்பு சர்க்கரையைத் தடுக்கும், சர்க்கரையும் இன்சுலினும் கொழுப்பைத் தடுக்கும். நல்ல இதயத்தில் இரவுப் பட்டினியில் கொழுப்பு, சாப்பிட்டதும் சர்க்கரை, ஓடினால் லாக்டேட் என்று நாள் முழுக்க இது மாறிக்கொண்டே இருக்கும்.

இன்சுலின் செய்யும் பெரிய காரியம் இதயத்துக்கு வெளியே, கொழுப்புத் திசுவில் நடக்கிறது. அங்கே கொழுப்பு உடைவதை அது அடக்கி வைக்கிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் உடைக்கச் சொல்கின்றன, கார்டிசால் அதற்குத் துணை போகிறது. ஆரோக்கியமானவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அமிலம் பொதுவாக 0.2 முதல் 0.6 மில்லிமோல் வரை இருக்கும். மாரடைப்பு மாதிரி நெருக்கடியில் 1க்கு மேல் ஏறிவிடும். இதயம் தன்னைத் தேடி வருவதை வருகிற அளவுக்கு ஏற்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், வேண்டாம் என்று தள்ளும் சக்தி அதற்குக் குறைவு. இதயமே ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சுவர் இழுபடும்போது அது விடும் ஏஎன்பி, பிஎன்பி இரண்டும் சிறுநீரகத்தை உப்பு தள்ளச் சொல்வதோடு கொழுப்புத் திசுவையும் உடைக்கச் சொல்கின்றன. பம்பிங் குறைந்தவருக்கு அட்ரினலினும் ஏறியிருக்கும், இவையும் ஏறியிருக்கும், சுகர் இருந்தால் இன்சுலினின் பிடியும் தளர்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்து இதயத்தின் மேல் கொழுப்பைக் கொட்டுகின்றன.

கொழுப்பு அமிலம் வெறும் எரிபொருளாக மட்டும் இருப்பதில்லை. செல்லின் உட்கருவில் பிபிஏஆர் ஆல்ஃபா என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. கொழுப்பு அமிலம் அதில் போய் ஒட்டினால், கொழுப்பை உள்ளே இழுக்கும், எரிக்கும் என்சைம்களுக்கான மரபணுக்கள் முடுக்கப்படும். பிடிஎச்சை அணைக்கும் பிடிகே4 என்ற என்சைமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தே வரும். மாதக்கணக்கில் கொழுப்பு அதிகமாக வந்துகொண்டிருந்தால் இதயம் தன் இயந்திரத்தையே கொழுப்புக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொண்டு, சர்க்கரைக்குத் திரும்பும் வழியை மறந்துவிடும்.

நீண்டநாள் சுகரில் நடப்பது இதுதான். எரிக்கும் வேகத்தைத் தாண்டிக் கொழுப்பு உள்ளே வந்தால் மிச்சம் செல்லில் தங்கும். டிரைகிளிசரைடு துளிகளாக ஒதுங்கினால் பெரிய கேடில்லை. செரமைடு, டைஅசைல்கிளிசரால் என்ற வேறு வகைக் கொழுப்புகளாக மாறினால்தான் வினை. இவை இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் பாதியிலேயே அறுக்கின்றன. செரமைடு செல்லைச் சாகவும் வைக்கும். அடைப்பு இல்லாமலேயே சுகர்காரர்களின் இதயத் தசை கெடுவதை 1972இல் ரூப்ளரும் குழுவினரும் பதிவு செய்தார்கள். அப்பாவுக்கு அடைப்பும் இருக்கிறதா, தசை மட்டும் கெட்டதா என்பது ஆஞ்சியோகிராம் பார்த்தால்தான் தெரியும்.

கொழுப்பை எரிப்பதில் இன்னொரு செலவும் உண்டு. பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிந்தால் 106 ஏடிபி கிடைக்கும், ஆனால் 23 ஆக்ஸிஜன் மூலக்கூறு கேட்கும். குளுக்கோஸ் 30 முதல் 32 ஏடிபிதான் தரும், ஆக்ஸிஜன் வெறும் 6. ஒரு ஆக்ஸிஜனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் குளுக்கோஸ் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சிக்கனம். ஓய்வில் இருக்கும்போதே இதயம் வரும் ஆக்ஸிஜனில் முக்கால் பங்கை உறிஞ்சிவிடுகிறது. ரத்தம் குறைவாக வரும் இடத்தில் இந்தப் பத்து சதவீதம் பெரிய விஷயம். எடின்பரோவில் ஆலிவரும் குரியனும் 1968இல், மாரடைப்பு வந்தவர்களில் ரத்தக் கொழுப்பு அமிலம் மிக உயர்ந்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறும் மரணமும் அதிகம் என்று காட்டினார்கள்.

அப்படியானால் கொழுப்பை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன? செய்து பார்த்தார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அசிபிமாக்ஸ் என்ற மருந்து கொடுத்துக் கொழுப்பு அமிலத்தைத் திடீரென்று இறக்கியபோது இதயத்தின் செயல்திறன் கூடவில்லை, குறைந்தது. மாரடைப்பில் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் கலந்து ஏற்றுவதை இருபதாயிரம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்த கிரியேட்-எக்லா ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. அதில் இந்திய நோயாளிகளும் இருந்தார்கள். முப்பது நாள் மரணம் மருந்து ஏற்றியவர்களில் 10.0 சதவீதம், ஏற்றாதவர்களில் 9.7. பலனே இல்லை. ஒரு எரிபொருளைப் பிடுங்கி இன்னொன்றைத் திணிப்பதால் இதயம் தேறுவதில்லை.

டாபாக்லிஃப்ளோசினை இந்தப் பின்னணியில் பாருங்கள். அது சிறுநீரகத்தில் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சவிடாமல் வெளியே விடுகிறது, சுகர் உள்ளவருக்கு நாளைக்கு 70 கிராம் வரைக்கும் போகலாம். சர்க்கரை போனதும் இன்சுலின் இறங்குகிறது, அதற்கு எதிரான குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறுகிறது, கல்லீரல் சற்றே கூடுதலாகக் கீட்டோன் செய்கிறது. கீட்டோனுக்கு சிபிடி-1 கேட்டும் தேவையில்லை, பிடிஎச்சும் தேவையில்லை. இரண்டு அடைப்பையும் தவிர்த்து நேராக உள்ளே போய் எரியும். பலவீனமான இதயம் கீட்டோனை அதிகம் எடுத்துக்கொள்கிறது என்பது 2016இல் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது. 2019இல் டென்மார்க்கில், பம்பிங் குறைந்த நோயாளிகளுக்குக் கீட்டோனை நரம்பில் ஏற்றியபோது இதயம் வெளித்தள்ளும் ரத்தம் நிமிடத்துக்கு 2 லிட்டர் கூடியது. ஆனாலும் இந்த மாத்திரையின் பலன் முழுவதையும் கீட்டோன் கணக்கில் எழுத மாட்டேன். உப்பும் நீரும் குறைவது, சிறுநீரகம் காப்பாற்றப்படுவது என்று பல வேலைகள் சேர்ந்திருக்கின்றன. 2019இன் டாபா-எச்எஃப் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகரே கிடையாது. அவர்களுக்கும் சேர்த்து, இதயச் செயலிழப்பு மோசமாவதும் இதய மரணமும் 26 சதவீதம் குறைந்தன. சுகர் கட்டுக்குள் இருந்தும் டாக்டர் சேர்த்தது இதயத்துக்காக. வழக்கமான அளவு நாளைக்கு 10 மில்லிகிராம், ஒரு வேளை.

இதில் தப்பு நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாந்தி, பேதி, காய்ச்சலில் சாப்பிடாமல் கிடக்கும்போதும் மாத்திரையைத் தொடர்ந்தால் கீட்டோன் கட்டுமீறி ரத்தம் அமிலமாகிவிடலாம். வழக்கமான கீட்டோ அசிடோசிஸில் சுகர் 400, 500 என்று காட்டும். இதில் 180, 200தான் காட்டும், குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள். விடாத குமட்டல், வயிற்று வலி, ஆழமாக மூச்சு இழுப்பது தெரிந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு இறங்காத நாளில் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரம்ஜான் நோன்போ வேறு முழுநாள் விரதமோ இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நீர் பிரியும் மாத்திரையும் கூட இருந்தால் தண்ணீர் வற்றி மயக்கம் வரும். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சை வந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். தினமும் கழுவி ஈரமில்லாமல் துடைப்பது பாதிப் பிரச்சினையைத் தடுக்கும்.

பழைய சுகர் மாத்திரைப் பட்டைகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்று மருந்து ஒரே மாத்திரையில் வரும் வகைகளில் பியோகிளிட்டசோன் ஒளிந்திருக்கும். அது ரத்தக் கொழுப்பு அமிலத்தைக் குறைக்கும், இன்சுலினைக் கேட்க வைக்கும், காகிதத்தில் பார்த்தால் இதயத்துக்கு அருமையான மருந்து. நடைமுறையில் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, பம்பிங் குறைந்தவருக்குக் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் கொண்டுவரும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கூடாது. பட்டையில் அந்தப் பெயர் இருந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

பீட்டா பிளாக்கர் எழுதியிருந்தால் அதுவும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். அட்ரினலினின் கட்டளையைத் தடுக்கிறது, துடிப்பின் செலவைக் குறைக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த கார்வெடிலால் கொடுத்த பிறகு இதயம் கொழுப்பு அமிலத்தை உள்ளே இழுப்பது கணிசமாகக் குறைந்ததை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தீர்ந்துவிட்டது என்று சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அட்ரினலின் மொத்தமாகப் பாயும். அதனால் பட்டையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள்.

தைராய்டு டெஸ்ட் ஏன்? தைராய்டின் டி3 ஹார்மோன் இதயத்தில் நேராக மரபணுக்களை முடுக்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்பைக் கூட்டுவது அதுதான். தைராய்டு குறைந்தால் தசை தளர மறுக்கும், துடிப்பு மந்தமாகும், எல்டிஎல் ஏறும். கூடினால் படபடப்பு, துடிப்பு ஒழுங்கு தப்புவது, ஏடிபி வீண் செலவு. இரண்டுமே பம்பிங்கைக் கெடுக்கும், இரண்டும் சரிசெய்யக்கூடியவை, அதனால்தான் முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள். குறைவு என்று வந்தால் இதய நோயாளிக்குத் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையை 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில்தான் ஆரம்பிப்பார்கள். வேகமாகக் கூட்டினால் நெஞ்சு வலி வரும். வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஹார்மோனும் கொழுப்பும் இதயத்தை எப்படித் திருப்புகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எஃப்டிஜி பெட் ஸ்கேனைப் பாருங்கள். அப்பாவுக்கும் எழுதினாலும் எழுதுவார்கள். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி போட்டு, இதயத்தில் எந்த இடம் அதை இழுக்கிறது என்று படம் எடுப்பது. பைபாஸ் செய்தால் பிழைக்கும் தசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் குடிக்கக் குளுக்கோஸ் கொடுத்து, சுகர்காரருக்கு இன்சுலினும் போட்டு, இதயத்தைச் சர்க்கரைக்குத் திருப்புவார்கள். உயிருள்ள தசையெல்லாம் ஒளிரும். சார்காய்டோசிஸ் போன்ற அழற்சியைத் தேடுகிறார்கள் என்றால் நேர்மாறு: முந்தைய நாள் இரண்டு வேளை மாவுச்சத்தே இல்லாத, கொழுப்பு நிறைந்த சாப்பாடு, பிறகு பன்னிரண்டு மணி நேரம் பட்டினி. நல்ல தசை கொழுப்புக்குப் போய் இருட்டாகிவிடும், அழற்சி உள்ள இடம் மட்டும் ஒளிரும். நம் ஊரில் இது கெடுவது பெரும்பாலும் டீயில். எண்ணெயில் பொரித்த முட்டை, கார்ன்ஃப்ளார் தடவாமல் வறுத்த காசிமேட்டு மீன் என்று ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, ஸ்கேனுக்குக் கிளம்பும்போது பாலும் சர்க்கரையும் போட்டு ஒரு டம்ளர் குடித்துவிடுவார்கள். அந்த ஒரு டம்ளருக்கு ஏறும் இன்சுலின் போதும், இதயம் திரும்பச் சர்க்கரைக்கு மாறி, படம் முழுக்க வெளிச்சமாகிப் பயனில்லாமல் போகும். இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரையும் இதைச் செய்யும். எந்த வகை ஸ்கேன் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் சாப்பாடு நேரெதிர்.

இனி எண்ணெய். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் சுமார் 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம். செரமைடு செய்யத் தொடக்கப் பொருளே அதுதான். கடலை எண்ணெயில் அது பத்து சதவீதம் அளவுக்குத்தான், பாதிக்குப் பக்கம் ஒலீயிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம். செல்களில் செய்த சோதனைகளில் ஒலீயிக் அமிலம் கூட இருந்தால் பால்மிட்டிக்கைத் துளிகளாக ஒதுக்கி வைக்கிறது, கேடு குறைகிறது. பாமாயில் எல்டிஎல்லையும் ஏற்றும். குடும்ப பட்ஜெட் தெரியாமல் அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அப்பாவின் குழம்புக்கும் பொரியலுக்கும் மட்டுமாவது கடலை எண்ணெய் வையுங்கள். சமையலில் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் எந்த எண்ணெயும் வேண்டாம். ரோட்டோர பஜ்ஜி, வடை எண்ணெய் பலமுறை காய்ந்தது, அதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

ஆனால் எண்ணெயைவிட சோற்றின் அளவைத்தான் நான் முதலில் கேட்பேன். மூட்டை தூக்கிய காலத்தில் சாப்பிட்ட அதே மூன்று வேளைச் சோறும் இட்லியும், வீட்டில் உட்கார்ந்த பிறகும் தொடர்ந்தால், மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக்கி இதயத்துக்கே அனுப்பும். எண்ணெயே இல்லாத சாப்பாட்டிலும் டிரைகிளிசரைடு ஏறுவது இப்படித்தான். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மத்தி அல்லது கானாங்கெளுத்தி குழம்பும் காயும் வரட்டும். வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு, ஒமேகா-3க்கும் குறைவில்லை. கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு இந்த இதயத்துக்கு ஆகாது. இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள், நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம், பேசிக்கொண்டே நடக்க முடியும் வேகத்தில். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிப் புகையில் வேண்டாம், உள்தெருவில் போதும். மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். கடையில் விற்கும் எல்-கார்னிட்டின் பவுடருக்குப் பணம் செலவழிக்காதீர்கள், பற்றாக்குறை இல்லாதவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடைசியாக ட்ரைமெட்டசிடின். கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் துண்டு துண்டாக உடையும் பாதையின் கடைசி என்சைமை அது லேசாகத் தடுத்து, இதயத்தைச் சர்க்கரைப் பக்கம் கொஞ்சம் சாய்க்கிறது. 35 மில்லிகிராம், காலையும் இரவும். மற்ற மருந்துகளுக்குப் பிறகும் நெஞ்சு வலி இருப்பவருக்குத் துணை மருந்து. ஸ்டென்ட் வைத்த ஆறாயிரம் பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வந்தபோது, வழக்கமான சிகிச்சைக்கு மேல் அது கூடுதல் பலன் தரவில்லை. நெஞ்சு வலியே இல்லாதவருக்கு எதற்கு என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கும் பார்க்கின்சன் உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது, அதனால் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். கை நடுக்கம், நடை தடுமாறுவது, உடம்பு விறைப்பு புதிதாக வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதனால் வந்தது என்றால் நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும்.